மூன்று அணாவா, பதினைந்து அணாவா?

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. இது பழைய கணக்கு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதுக்காசு வந்தது. அதன் பிறகு ஒரு ரூபாய்க்கு நூறு காசு. ஆனாலும் மக்கள் வாயிலிருந்து அணா போய்விடவில்லை. 25 காசை நாலணா என்றோம். 50 காசை எட்டணா என்றோம். 2011-இல் 25 காசு செல்லாது என்று அறிவிக்கும் வரை கடைகளில் நாலணாப் பேச்சு இருந்தது.

இந்த அணாக் கணக்கை வைத்து நமது பாராளுமன்றத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஆண்டு 1963. ஒரு பக்கம் நாட்டின் பிரதமர் ஜவகர்லால் நேரு. மறுபக்கம் அப்போதுதான் தேர்தலில் வென்று வந்த ஓர் உறுப்பினர். அவர் பெயர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். நம் நாட்டில் ஓர் ஏழை ஒரு நாளைக்கு எத்தனை அணாவில் வாழ்கிறார்?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் அது நாட்டையே யோசிக்க வைத்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோம். கூடவே ஒரு கணக்கையும் கற்றுக்கொள்வோம்.

யார் இந்த லோகியா?

லோகியா 1910-ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று பிறந்தார். ஊர் அக்பர்பூர். அது உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. பம்பாய், காசி, கல்கத்தா ஆகிய ஊர்களில் படித்தார். பிறகு ஜெர்மனி நாட்டுக்குப் போனார். அங்கே பெர்லின் நகரத்தில் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். இவர் ஊசி போடும் டாக்டர் அல்ல. ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்ற டாக்டர். எதைப் பற்றி ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? வெள்ளைக்காரன் நம் உப்புக்குப் போட்ட வரியைப் பற்றி!

ஊர் திரும்பியதும் சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்தார். 1942-இல் காந்தியடிகள் "வெள்ளையனே வெளியேறு" என்று சொன்னார். தலைவர்களை எல்லாம் அரசாங்கம் சிறையில் அடைத்தது. லோகியா தலைமறைவாக இருந்து வேலை செய்தார். இரகசியமாக நடந்த ரேடியோவில் பேசினார். 1944-இல் போலீசார் அவரைப் பிடித்தார்கள். லாகூர்க் கோட்டையில் அடைத்துக் கொடுமைப்படுத்தினார்கள். 1946-இல் தான் வெளியே வந்தார்.

நாடு விடுதலை அடைந்த பிறகு அவர் காங்கிரசில் இருக்கவில்லை. சோஷலிஸ்ட் கட்சியில் வேலை செய்தார். 1962 பொதுத்தேர்தலில் பூல்பூர் தொகுதியில் நேருவை எதிர்த்து நின்றார். தோற்றுப் போனார். அடுத்த ஆண்டு பரூக்காபாத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அதில் வென்றார். 53 வயதில் மக்களவைக்குள் நுழைந்தார்.

அப்போது நாடு எப்படி இருந்தது?

நாடு விடுதலை பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. முதல் திட்டம் 1951-இல் தொடங்கியது. 1963-இல் மூன்றாவது திட்டம் நடந்தது.

பெரிய வேலைகள் பல நடந்தன. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய ஊர்களில் இரும்பு ஆலைகள் எழுந்தன. பக்ரா அணை 1963 அக்டோபர் மாதம் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. இவை எல்லாம் நாட்டுக்குத் தேவையான வேலைகள். இவற்றால் நாட்டின் மொத்த வருமானம் கூடியது.

ஆனால் கூடிய வருமானம் யார் கைக்குப் போனது? கூலிக்காரர் கைக்குப் போனதா? பணக்காரர் கைக்குப் போனதா? இந்தச் சந்தேகம் நேருவுக்கும் இருந்தது. 1960-இல் அவரே மக்களவையில் இதைப் பற்றிப் பேசினார். இதை ஆராய ஒரு குழு அமைந்தது. பேராசிரியர் மகலநோபிஸ் அதற்குத் தலைவர். லோகியா மக்களவைக்கு வந்தபோது அந்தக் குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை.

நம்பிக்கையில்லாத் தீர்மானம்

1963 ஆகஸ்ட் மாதம் ஆச்சார்ய கிருபளானி என்ற மூத்த தலைவர் மக்களவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

அப்படி என்றால் என்ன? மக்களவையில் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஆதரித்தால்தான் ஓர் அரசு நீடிக்க முடியும். "இந்த அரசின் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். அதை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். பிறகு விவாதம் நடக்கும். கடைசியில் ஓட்டு எடுப்பார்கள். தீர்மானம் வென்றால் அரசு விலக வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் விவாதத்துக்கு வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் இதுதான். நான்கு நாள் விவாதம் நடந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 62 பேர் ஓட்டுப் போட்டார்கள். எதிராக 347 பேர் போட்டார்கள். தீர்மானம் தோற்றது. அரசு நிலைத்தது.

ஆனால் அந்த நான்கு நாளில் பேசிய ஒரு பேச்சு இன்றும் நிலைத்து நிற்கிறது.

லோகியா என்ன சொன்னார்?

லோகியா இந்தியில் பேசினார். நம் நாட்டில் 27 கோடி மக்கள் நாளுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார். பிரதமருக்காக நாள்தோறும் 25,000 ரூபாய் செலவாகிறது என்றும் குற்றம் சாட்டினார்.

மூன்று அணா என்றால் எவ்வளவு? சுமார் 19 காசு. அந்தக் காலத்தில் நாட்டின் மக்கள் தொகை சுமார் 44 கோடி. அதில் 27 கோடி என்றால் நூற்றுக்கு அறுபது பேர்.

சபையில் பரபரப்பு உண்டானது. நேரு இதை ஏற்கவில்லை. சராசரி வருமானம் மூன்று அணா அல்ல, பதினைந்து அணா என்பது அரசின் கணக்கு. பதினைந்து அணா என்றால் சுமார் 94 காசு.

ஒருவர் மூன்று என்கிறார். ஒருவர் பதினைந்து என்கிறார். ஒன்றுக்கு ஐந்து மடங்கு வித்தியாசம். இருவரும் படித்தவர்கள். இருவரும் நாட்டுக்காகச் சிறை சென்றவர்கள். அப்படியானால் யாராவது ஒருவர் பொய் சொல்கிறாரா?

இல்லை. இருவரும் வேறு வேறு கணக்கைப் பேசினார்கள். அரசு சொன்னது எல்லா மக்களின் சராசரி. லோகியா சொன்னது அடித்தட்டில் இருக்கும் மக்களின் நிலை. இந்த வித்தியாசம் புரிய வேண்டுமானால் சராசரி என்றால் என்ன என்று நமக்குத் தெரிய வேண்டும்.

சராசரி என்னும் கணக்கு

ஒரு தெருவில் பத்து வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீடுகளில் கூலி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாளுக்கு 100 ரூபாய் வருகிறது. பத்தாவது வீடு ரைஸ்மில் முதலாளியின் வீடு. அந்த வீட்டுக்கு நாளுக்கு 9,100 ரூபாய் வருகிறது.

கணக்குப் போடுங்கள்.

ஒன்பது வீடுகளின் வருமானம்: 9 x 100 = 900 ரூபாய்.
பத்தாவது வீட்டின் வருமானம்: 9,100 ரூபாய்.
தெருவின் மொத்த வருமானம்: 10,000 ரூபாய்.
இதைப் பத்து வீட்டுக்கும் வகுத்தால்: 1,000 ரூபாய்.

இந்த 1,000 ரூபாய்தான் சராசரி. "இந்தத் தெருவில் ஒரு வீட்டின் சராசரி வருமானம் நாளுக்கு 1,000 ரூபாய்" என்று எழுதினால் கணக்கில் தவறு இல்லை. ஆனால் அந்தத் தெருவில் 1,000 ரூபாய் வருகிற வீடு ஒன்றுகூட இல்லை! ஒன்பது வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது.

அடுத்த ஆண்டு முதலாளியின் வருமானம் இன்னும் 1,000 ரூபாய் கூடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு காசும் கூடவில்லை. அப்போது சராசரி 1,100 ரூபாய் ஆகும். ஏட்டில் தெரு முன்னேறிவிட்டது. ஒன்பது வீட்டு அடுப்பில் ஏதாவது மாற்றம் உண்டா?

நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்தால் தலா வருமானம் கிடைக்கும். தலா என்றால் தலைக்கு. பச்சைக் குழந்தை முதல் படுத்த கிழவர் வரை எல்லாத் தலையும் இதில் சேரும். கோடீஸ்வரரும் சேருவார். கூலிக்காரரும் சேருவார். பதினைந்து அணா என்பது இப்படி வந்த கணக்கு. சராசரி எடுத்தால் பணக்காரரின் வருமானம் ஏழையின் நிலையை மறைத்துவிடும். லோகியாவின் வாதம் இதுதான்.

குடும்பக் கணக்கு

இப்போது இந்த அணாவை ஒரு குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். மொத்தம் ஐந்து பேர்.

தலைக்குப் பதினைந்து அணா என்றால் ஐந்து பேருக்கு 75 அணா. அதாவது நாலு ரூபாய் பதினொரு அணா.

தலைக்கு மூன்று அணா என்றால் ஐந்து பேருக்குப் பதினைந்து அணா. குடும்பம் முழுவதற்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, மருந்து எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அந்தக் காலத்து விவசாயக் கூலிக்காரர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள்? இதை அரசே கணக்கெடுத்தது. 1956-57-இல் நடந்த விசாரணை அது. ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 437 ரூபாய் வருமானம் என்று அதில் தெரிந்தது. 437-ஐ 365 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளுக்குச் சுமார் 1 ரூபாய் 20 காசு. இது ஓர் ஆளுக்கு அல்ல. குடும்பம் முழுவதற்கும்! நான்கைந்து பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் நாலணாதான் வரும்.

அரசின் ஒரு கணக்கு பதினைந்து அணா என்றது. அரசின் இன்னொரு கணக்கைப் பங்கிட்டுப் பார்த்தால் நாலணா வந்தது. ஒன்று எல்லாருக்கும் சேர்த்துப் போட்டது. மற்றது கூலிக்காரருக்கு மட்டும் போட்டது.

மறுபடியும் விவாதம்

லோகியா விடவில்லை. இதைத் தனியாக விவாதிக்க வேண்டும் என்று கேட்டார். அரசுத் தரப்பில் 347 பேர் இருந்தார்கள். கேட்டவர் பக்கம் சிலரே இருந்தார்கள். ஆனாலும் விவாதத்துக்கு இடம் கொடுத்தார்கள். 1963 செப்டம்பர் 6 அன்று மக்களவை இதைப் பற்றி விவாதித்தது. நாட்டு வருமானம் எப்படிப் பங்காகிறது என்பதே பேச்சு.

இந்த வாதங்களின் நடுவே அரசுத் தரப்பிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. அதைச் சொன்னவர் அமைச்சர் குல்சாரிலால் நந்தா. அடித்தட்டில் உள்ள நூற்றுக்கு அறுபது பேருக்கு நாளுக்கு ஏழரை அணா கிடைக்கிறது என்பது அந்தக் கணக்கு. ஏழரை அணா என்பது சுமார் 47 காசு.

இதைக் கவனியுங்கள். பதினைந்தில் பாதி ஏழரை. பதினைந்து அணா எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதை அரசின் கணக்கே காட்டிவிட்டது. பேச்சு "நாட்டின் சராசரி எவ்வளவு" என்பதிலிருந்து "ஏழைக்கு எவ்வளவு" என்பதற்கு மாறியது.

யார் சொன்னது சரி?

மூன்று அணா என்பது குறைத்துச் சொன்ன கணக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது.

1971-இல் தாண்டேகர், நீலகண்ட ரத் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வறுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். 1960-61 விலைவாசியில் கிராமத்தில் ஓர் ஆளுக்குக் குறைந்தது மாதம் 15 ரூபாய் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதாவது நாளுக்கு எட்டணா. அந்த எட்டணாகூட இல்லாதவர்கள் கிராமங்களில் நூற்றுக்கு நாற்பது பேர் என்று கண்டார்கள். நகரத்தில் வாழ மாதம் இருபத்திரண்டரை ரூபாய் தேவை என்றார்கள். அதுவும் இல்லாதவர்கள் அங்கே நூற்றுக்கு ஐம்பது பேர்.

ஆகவே மூன்று என்ற எண்ணைப் பற்றி வாதிடலாம். ஆனால் லோகியா கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதினைந்து அணா என்பது பாதி நாட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது என்பது உண்மை.

அந்தப் பேச்சால் என்ன பயன்?

ஒரு பேச்சினால் வறுமை ஒழிந்துவிடாது. லோகியா பேசிய மறுநாள் யாருக்கும் கூலி கூடவில்லை. அப்படியானால் பேசி என்ன பயன்?

பயன் உண்டு. மருத்துவர் நோயைக் கண்டுபிடித்தால்தான் மருந்து தர முடியும். நோய் இருப்பதே தெரியாவிட்டால் மருந்து ஏது? நாட்டின் மொத்த வருமானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏழை கண்ணில் படமாட்டார். ஏழைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், எவ்வளவில் வாழ்கிறார்கள் என்று தனியாக எண்ண வேண்டும்.

மகலநோபிஸ் குழுவின் அறிக்கை 1964-இல் வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் வறுமைக் கோடு என்ற பேச்சு பெருகியது. வறுமைக் கோடு என்றால் வாழ்வதற்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று போடும் அளவு. ஐந்தாவது திட்டத்தில் வறுமையை ஒழிப்பது முக்கியக் குறிக்கோள் ஆனது. அந்தத் திட்டம் 1974-இல் தொடங்கியது. இதற்கெல்லாம் லோகியா ஒருவர் மட்டும் காரணம் அல்ல. ஆனால் மக்களவையில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர் அவர்.

ஏழையின் கேள்விகள்

லோகியா அணாக் கணக்கோடு நிற்கவில்லை. விலைவாசியைப் பற்றியும் பேசினார். அறுவடையின்போது தானியத்தின் விலை இறங்கிவிடும். விவசாயி நஷ்டப்படுவார். சில மாதம் போனால் அதே தானியத்தின் விலை ஏறிவிடும். வாங்கிச் சாப்பிடுகிறவர் கஷ்டப்படுவார். நடுவில் இருக்கும் வியாபாரிக்கு இலாபம். ஆகவே ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையில் தானிய விலை அதிகம் ஏறி இறங்கக் கூடாது, அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்றார்.

பெண்களின் கஷ்டத்தையும் பேசினார். கிராமத்துப் பெண்கள் இருட்டும் வரை காத்திருந்து ஒதுங்கப் போகிறார்கள். அவர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றார். அடுப்புப் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புகையில்லாத அடுப்பு வேண்டும் என்றார். தண்ணீர் சுமந்து நடக்கிறார்கள். அது தீர வேண்டும் என்றார். பெரிய தலைவர்கள் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் நினைத்த காலம் அது. இதுவும் நாட்டு முன்னேற்றம்தான் என்பது லோகியாவின் எண்ணம்.

1967 தேர்தலில் கன்னோஜ் தொகுதியில் வென்று மறுபடியும் மக்களவைக்கு வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று டில்லியில் இறந்தார். மக்களவையில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகள் சொச்சம்தான்.

நம் உறுப்பினரின் வேலை

மக்களவையில் இன்று 543 தொகுதிகள் இருக்கின்றன. நம் தொகுதிக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. அவர் சட்டத்துக்கு ஓட்டுப் போடுகிறார். அதோடு அவருக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. கேள்வி கேட்பதுதான் அது.

சபை கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். உறுப்பினர்கள் முன்கூட்டியே கேள்வி எழுதிக் கொடுப்பார்கள். அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டும். சபையில் பேசுவது எல்லாம் பதிவாகிறது. புத்தகமாகவும் வருகிறது. 1963-இல் பேசியதை இன்றும் எடுத்துப் படிக்கலாம். அதனால் அங்கே சொல்லும் ஒரு எண்ணுக்கு மதிப்பு அதிகம். தவறாகச் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

நம் ஊரின் சராசரி

டில்லியில் மட்டும்தான் சராசரிக் கணக்கு உண்டா? நம் ஊரிலும் உண்டு.

ஓர் ஊரில் இரண்டு தெருக்கள். இரண்டிலும் ஒரே அளவு மக்கள். "இந்த ஊரில் ஓர் ஆளுக்கு நாளுக்குச் சராசரி 55 லிட்டர் தண்ணீர் கொடுக்கிறோம்" என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆளுக்கு 90 லிட்டர் கிடைக்கிறது. கடைசித் தெருவில் 20 லிட்டர்தான் கிடைக்கிறது. 90-ம் 20-ம் 110. இரண்டால் வகுத்தால் 55. கணக்கு சரி. ஆனால் கடைசித் தெருப் பெண் குடத்தோடு நிற்கிறாள்.

கிராம சபையில் சராசரியைச் சொன்னால் நாம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். "கடைசித் தெருவுக்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். கூட்டல், வகுத்தல் தெரிந்தவர் எவரும் இதைக் கேட்கலாம். இதற்கு டாக்டர் பட்டம் தேவை இல்லை.

யோசிப்போம், பேசுவோம்

1. ஐந்து பேரின் நாள் கூலி 200, 250, 300, 250, 2,000 ரூபாய். சராசரி எவ்வளவு? அந்தச் சராசரிக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2. உங்கள் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தை எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் பங்கிடுங்கள். பிறகு முப்பதால் வகுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது?

3. உங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் யார்? அவர் உங்களுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், என்ன கேள்வி கேட்கச் சொல்வீர்கள்? அதை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.